நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்

ஜூன் 2, திங்கள்

காலை பத்து மணிக்குப் பேப்பர் அலுவலகத்தில் எல்லோரையும் கூட்ட அறைக்கு வரச் சொன்னார்கள். பதினான்கு பேருக்கு எட்டு நாற்காலிதான். பெண்கள் உட்கார்ந்தோம், ஆண்கள் சுவரில் சாய்ந்துகொண்டார்கள். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் மடிக்கணினியைத் திறந்து, ஏதோ ஓர் அரசுச் செய்திக்குறிப்பை அதிலிருந்த செய்தி எழுதும் ஏஐ இயந்திரத்தில் போட்டார். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி முடிப்பதற்குள் செய்தி தயாராகிவிட்டது. தலைப்பு, துணைத் தலைப்பு, நான்கு பத்தி.

"நீங்கதான பிழை திருத்துறவங்க? ஒற்று மிகுதான்னு பாருங்க மேடம்" என்று என் பக்கம் திருப்பினார்.

பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. "சரியா இருக்குதுங்க" என்றேன். இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

ஒன்பது பேருக்கு இந்த மாதத்தோடு வேலை இல்லை. நிருபர் இருதயராஜ் அண்ணனும் அவர்களில் ஒருவர். இருபத்தாறு வருடமாக இந்த மாவட்டத்தை மோட்டார் சைக்கிளில் சுற்றியவர். எனக்கு வேலை உண்டு. இயந்திரம் எழுதுவதைத் திருத்த ஓர் ஆள் வேண்டுமாம், "கொஞ்ச காலத்துக்கு."

வரும் வழியில் தக்காளி வாங்கினேன். மதிக்குக் கட்டம் போட்ட நோட்டு மறந்துவிட்டது.

ஜூன் 5, வியாழன்

ஒரு நாளைக்கு நாற்பது திருத்தம் செய்கிறேன். ஒரு முறை திருத்திய பிழை மறுநாள் வருவதில்லை. இருபத்திரண்டு வருடத்தில் எந்த நிருபரும் எனக்கு இந்த மரியாதையைத் தந்ததில்லை.

ஜூன் 14, சனி

மதியின் பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூ வகுப்புப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள், இவள் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். இவள் அப்பா வீட்டு ஆட்கள் எல்லோருமே அப்படித்தான். படமெடுக்கும்போது யாரோ திட்டியது மாதிரி நிற்பார்கள்.

வேறு பற்பசை வேண்டும் என்றாள். இது நான்காவது வகை. கரி கலந்ததாம், கறுப்பாக இருக்கிறது. வாங்கிக் கொடுத்தேன்.

ஓசூர் கம்பெனியில் இந்த வாரமும் ஓவர்டைம். மதியின் அப்பா நாளைக்கு வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

"மல்லப்பனூர் குடிநீர் தரமானது: பரிசோதனையில் உறுதி."

பேரூராட்சியிலிருந்து மாதம் ஒரு முறை வரும் குறிப்பு. பன்னிரண்டு வருடமாக வருகிறது. எப்போதும் "பரிசோதணை" என்று மூன்று சுழி ணகரம் போட்டு அனுப்புவார்கள், நான் இரண்டு சுழியாக்கி ஆறாம் பக்கத்துக்கு அனுப்புவேன். இன்று இயந்திரமே அதைச் சரிசெய்து எழுதியிருந்தது. நான் எப்படித் திருத்துவேனோ அதேபோல, கடைசி வரி வரைக்கும். எனக்குச் செய்ய எதுவும் இல்லை. பொத்தானை அழுத்தினேன், போய்விட்டது.

ஏனோ மதியம் முழுவதும் எரிச்சலாகவே இருந்தது. வெயிலாக இருக்கும்.

ஜூலை 1, செவ்வாய்

என் திருத்தங்கள் நாளுக்கு மூன்றாகக் குறைந்துவிட்டன. அதனால் நானும் வேண்டாமாம். "அதுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்ததே நீங்கதான் மேடம்" என்றார் மேலாளர், பாராட்டுகிற குரலில். என் மேசையில் எனக்குச் சொந்தமானது ஓர் அகராதியும் ஒரு மர ஸ்கேலும்தான். இரண்டையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

மதி வீட்டில் இருந்தாள். "இட்லிக்கு ஊறப் போட்டுட்டேம்மா" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பெண்.

ஜூலை 4, வெள்ளி

இருதயராஜ் அண்ணன் வந்தார். சாக்குப்பை நிறையக் காகிதம்.

பிப்ரவரியில் அவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பேரூராட்சிக்கு எழுதிப் போட்டிருந்தார். ஒன்பது மேல்நிலைத் தொட்டிகளின் தண்ணீரையும் மாதா மாதம் பரிசோதித்த சான்றுகளின் நகல் வேண்டும் என்று. மேல்முறையீடு வரை போய், இப்போதுதான் கொடுத்திருக்கிறார்கள். நாற்பத்தாறு மாதம். தொட்டிக்கு மாதம் ஒரு பக்கம். எல்லாம் மங்கின ஜெராக்ஸ்.

"நானூத்திப் பன்னெண்டு பக்கம். ரெண்டு பக்கம் காணோம்" என்றார்.

"எதுக்குண்ணா இதெல்லாம்? நமக்குத்தான் பேப்பரே இல்லையே."

"ஜனவரியில கவர்மெண்ட் ஸ்கூல்ல பல் முகாம் போட்டாங்கல்ல, ஞாபகமிருக்கா? அறுபது பிள்ளைகளப் பார்த்தாங்க. நாப்பத்தொரு பிள்ளைங்களுக்குப் பல்லுல காவி. ஒரு பயிற்சி டாக்டர் பொண்ணு என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'தண்ணிய டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க சார், இது ஃபுளோரைடு மாதிரி இருக்கு'ன்னுச்சு. எழுதிக் குடுத்தேன். இடமில்லன்னு எடுத்துட்டாங்க."

அந்தச் செய்தி எனக்கு ஞாபகம் இருந்தது. திருத்தி அனுப்பிய பிறகுதான் எடுத்தார்கள். அன்றைக்கு ஆறாம் பக்கத்தில் அந்த இடத்துக்கு வேறொரு குறிப்பு போனது. என்ன குறிப்பு என்று இப்போது நினைவில்லை.

மதி காபி கொண்டுவந்தாள். அண்ணன் அவளிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். அவள் பதில் சொல்லிவிட்டு உள்ளே போனதும் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மழை பற்றிப் பேசினார்.

பையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

எடுத்துப் பார்த்தேன். சும்மாதான் இருக்கிறேன்.

கண்ணால் பார்த்தால் ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஆகிறது. ஒன்பது பக்கத்தோடு தலை வலித்தது. அப்புறம் யோசித்தேன்: அலுவலகத்தில் ஒரு மாதம் அந்த இயந்திரத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், அதற்கு என்ன வரும் என்ன வராது என்று எனக்குத் தெரியும். அதே மாதிரி ஒன்று போனிலும் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அதனிடம் கொடுத்தேன். எண்களை மட்டும் படித்து, தொட்டி வாரியாக, மாத வாரியாக அட்டவணை போடு என்றேன்.

என்னை வீட்டுக்கு அனுப்பியது இதனுடைய பங்காளிதான். அதற்கு என் மேல் வருத்தம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. வேலையைச் செய்தது.

ஜூலை 9, புதன்

நான்காம் வார்டு தொட்டியில் ஃபுளோரைடு 0.84. போன மாதமும் 0.84. அதற்கு முந்தின மாதமும். நாற்பத்தாறு மாதமும் 0.84. மழை பெய்த மாதம், கிணறு வற்றிய மாதம், எல்லாம் ஒன்றுதான். ஒன்பது தொட்டிக்கும் இப்படியே, தொட்டிக்கு ஓர் எண்.

நான்கு வருடமும் பொங்கலன்று பரிசோதனை நடந்திருக்கிறது.

இதெல்லாம் இயந்திரம் கண்டுபிடித்தது. ஒன்று மட்டும் நான் பார்த்தேன். பரிசோதித்த அலுவலரின் கையெழுத்துக்குக் கீழே இடது பக்கம் கடுகளவு ஒரு மைச்சொட்டு. முதல் பக்கத்தில் இருக்கிறது. இருநூறாவது பக்கத்திலும் அதே இடத்தில் இருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன். நூலளவுகூட மாறவில்லை. ஒரே கையெழுத்தைத் திரும்பத் திரும்ப ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "நாமளே தண்ணி பிடிச்சுக் குடுத்துப் பார்ப்போம் ஈஸ்வரி" என்றார்.

ஜூலை 12, சனி

ஒன்பது பாட்டில், ஒன்பது இடம். அண்ணன் வண்டி ஓட்ட, நான் பின்னால் பையோடு. ஒவ்வொரு பாட்டிலிலும் இடம், தேதி, நேரம் எழுதிச் சீட்டு ஒட்டினேன். பிடிப்பதை அண்ணன் போனில் படம் எடுத்தார்.

நான்காம் வார்டு குழாயடியில் ஒரு பெண் குடத்தை நகர்த்தி இடம் கொடுத்தாள். "இந்தத் தண்ணியில பருப்பு வேவறதில்லைங்க. எங்க மாமியாருக்கு மடக்குன முட்டிய நீட்ட முடியல. ஆனா பேப்பர்ல நல்ல தண்ணின்னு போட்டிருக்குது."

"எந்தப் பேப்பர்லம்மா?" என்றார் அண்ணன்.

அவள் எங்கள் பேப்பரின் பெயரைச் சொன்னாள். "மாசா மாசம் போடறாங்களே. அவங்க பொய்யா போடுவாங்க?"

சீட்டு கோணலாக ஒட்டியிருந்தது. கிழித்துவிட்டு வேறு ஒட்டினேன்.

ஜூலை 19, சனி

சேலம் பரிசோதனைக் கூடத்திலிருந்து முடிவு வந்துவிட்டது. ஃபுளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. எங்கள் ஒன்பதில் குறைந்தது 2.2. அதிகம் 3.8, அது நான்காம் வார்டு. அரசுப் பள்ளித் தொட்டி 3.1.

நாங்கள் இருப்பது நான்காம் வார்டில்.

ஜூலை 21, திங்கள்

வாட்ஸ்அப்பில் "மல்லப்பனூர் சேதி" என்று ஒரு சேனல் தொடங்கிவிட்டோம். ஐந்து நிமிடக் குரல் பதிவு, கூடவே அட்டவணையின் படம். யார் பேசுவது என்று ஒரு சண்டை. அண்ணனுக்கு மைக்கைப் பார்த்தால் இருமல் வருகிறது. கடைசியில் நானே பேசினேன். என் குரலை நானே கேட்டது அதுதான் முதல் முறை. சுமார்தான்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். பாதிப் பேர் அண்ணனின் சொந்தக்காரர்கள்.

ஜூலை 23, புதன்

நடக்கக் கூடாதது நடந்துவிட்டது.

அட்டவணையை அழகாகப் போடச் சொல்லி இயந்திரத்திடம் கொடுத்தேன். அது பரிசோதனைத் தாளைப் படித்தபோது பள்ளித் தொட்டிக்கு 3.1 என்பதை 31 என்று எடுத்துக்கொண்டது. நான் குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்ததில் அட்டவணையைப் பார்க்காமலே சேனலில் போட்டுவிட்டேன். ஊரில் பெற்றவர்கள் பள்ளிக்கு ஓடியிருக்கிறார்கள். மத்தியானமே பேரூராட்சிச் செயல் அலுவலர் மறுப்பு கொடுத்துவிட்டார். "31 இருந்தால் அது தண்ணீரே இல்லை. வேலை போன ஆத்திரத்தில் இருவர் பொதுமக்களைப் பீதியில் ஆழ்த்துகிறார்கள்."

எங்கள் பழைய பேப்பரின் இணையதளத்தில் கால் மணி நேரத்தில் செய்தி: "குடிநீர் குறித்து வதந்தி: பேரூராட்சி எச்சரிக்கை." நான்கு பத்தி. பிழை இல்லை.

ஜூலை 24, வியாழன்

ஒரு புள்ளி.

ஜூலை 25, வெள்ளி

நூறு பேர் சேனலை விட்டுப் போய்விட்டார்கள்.

"அந்தப் பதிவ எடுத்துடலாம். சரியானதப் போடுவோம். ரெண்டு நாள்ல மறந்துருவாங்க" என்றார் அண்ணன்.

"பேப்பர்ல தப்பு வந்தா என்னண்ணா பண்ணுவோம்?"

"உள்பக்கத்துல, மூலையில, பொடி எழுத்துல ரெண்டு வரி."

"அதனாலதான் யாருமே அதப் படிச்சதில்ல."

பழைய பதிவை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக ஒன்று பேசினேன். "என் பெயர் மாதேஸ்வரி. 3.1 என்பது 31 என்று வந்துவிட்டது. இயந்திரம் தப்பாகப் படித்தது, நான் பார்க்காமல் விட்டேன். பார்ப்பது என் வேலை. மன்னியுங்கள். ஆனால் 3.1 என்பதே இருக்க வேண்டியதற்கு இரண்டு மடங்கு. என் பேச்சை நம்ப வேண்டாம். எங்களிடம் உள்ள அத்தனை பக்கங்களையும் இங்கே போடுகிறேன். ஆளுக்குப் பத்துப் பக்கம் எடுத்துக்கொண்டு நீங்களே பாருங்கள்."

சாயங்காலத்துக்குள் எல்லாப் பக்கமும் ஏறிவிட்டது.

ஜூலை 26, சனி

யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. துணி துவைத்தேன். ஜன்னல் திரைகூட.

ஜூலை 27, ஞாயிறு

மருந்துக்கடை சென்னகிருஷ்ணன் எழுதியிருக்கிறார்: "எனக்கு 1 முதல் 10." அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் முடித்து அனுப்பிவிட்டார். எங்கள் அட்டவணையில் ஒரு தப்பு கண்டுபிடித்திருந்தார். திருத்தி, அவர் பெயரைச் சொல்லி நன்றி போட்டேன்.

அதைப் பார்த்துவிட்டு டெய்லர் கடைப் பெண்கள் இருவர். ஒரு லாரி டிரைவர் நாக்பூரிலிருந்து. அங்கன்வாடி டீச்சர். மதியின் அப்பா ஓசூரிலிருந்து போன் செய்து, "எனக்கும் ஒரு பத்துப் பக்கம் ஒதுக்கு" என்றார். பதினெட்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் வார்த்தை.

ஜூலை 31, வியாழன்

அறுபத்து மூன்று பேர். எல்லாப் பக்கமும் முடிந்தது, ஒவ்வொன்றும் இரண்டு பேர் கண்ணில் பட்டு. மொத்தம் நான்கு தப்பு. நாற்பது பேர் அந்த மைச்சொட்டைத் தாங்களாகவே கண்டுபிடித்து, ஏதோ புதையல் கிடைத்த மாதிரி வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

சேனலில் இப்போது மூவாயிரம் பேர்.

ஆகஸ்ட் 2, சனி

காலை பதினோரு மணிக்கு, தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண்.

"அக்கா, என் பேரு கலைவாணி. அரூர்ல இருந்து பேசறேங்க. எனக்கு வந்த பத்துப் பக்கத்துல ஒரு கையெழுத்து இருக்குதுங்களே, அது எங்க மாமனாரோடதுங்க."

நான் அடுப்பை அணைத்தேன்.

"அவரு ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சுங்க. இப்ப மாடு மேய்ச்சிட்டு இருக்காரு. இந்த வருஷச் சான்றுல அவரு கையெழுத்து எப்படிங்க வரும்?"

"அவர்கிட்ட கேட்டியாம்மா?"

"காட்டுனேங்க. ரொம்ப நேரம் பார்த்தாரு. 'மல்லப்பனூருக்கு நான் ஒரே ஒரு தடவதான் தண்ணி டெஸ்ட் பண்ணிக் குடுத்தேன். ரெண்டுக்கு மேல இருக்குது, குடிக்க ஆகாதுன்னு எழுதியே குடுத்தேன்'ங்கறாரு. அவருகிட்ட நகல் இருக்குதுங்க. டிரங்குப் பெட்டியில."

இருதயராஜ் அண்ணன் அப்போதே வண்டியை எடுத்தார். நான்கு மணிக்குப் பெரியவர் மாட்டுக்கொட்டகை முன்னால் நின்று அந்த நகலைப் பிடித்துக்கொண்டு பேசிய ஒரு நிமிடப் படம் என் போனுக்கு வந்தது. நான் முழுவதும் பார்த்துவிட்டுக் கைதட்டினேன். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

செயல் அலுவலர் நிருபர்களைக் கூப்பிட்டிருந்தார். எங்களைக் கூப்பிடவில்லை, போய் நின்றோம். சான்றில் "எழுத்தர் மட்டத்தில் தவறு" நடந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நம்பர விடுங்க. இந்தத் தண்ணியால பாதிச்ச ஒரு பிள்ளையக் காட்டுங்க பார்ப்போம். ஒண்ணே ஒண்ணு. எந்தப் பெத்தவங்களாவது புகார் குடுத்திருக்காங்களா?"

அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. வேண்டுமென்றேதான் திரும்பவில்லை என்று தெரிந்தது. பல் முகாமில் பார்த்த பிள்ளைகளின் பெற்றவர்களிடம் ஏற்கெனவே கேட்டுப் பார்த்துவிட்டார். யாரும் சம்மதிக்கவில்லை. பெண் பிள்ளைகள், நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று இருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

பள்ளிவிட்டு வந்ததும் மதி பையைக்கூடக் கழற்றவில்லை. "ம்மா, போன எடு. வீடியோ போடு" என்றாள்.

"எதுக்கு?"

"ஒரு பிள்ளையக் காட்டச் சொன்னாருல்ல."

எனக்குக் கோபம் வந்தது. போய்ச் சாப்பிடு என்றேன். உனக்கு என்ன, நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் நின்று, கையை வாயிலிருந்து எடுத்தாள். அவள் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். பேசும்போதும் போகும். ஏழு வயதிலிருந்து. நான் அதை அவளுடைய அடக்கம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

மேல்வரிசைப் பற்கள் நான்கில் செம்மண் நிறத்தில் பட்டை. அதற்கு மேல் சுண்ணாம்புத் திட்டு. எனக்குத் தெரியும். எனக்கு எப்போதும் தெரியும். இவள் அப்பா வீட்டுப் பல் என்று சொல்லிக்கொண்டேன். சரியாகத் தேய்ப்பதில்லை என்று அடித்தும் இருக்கிறேன், மூன்றாவது படிக்கும்போது.

"ஊரெல்லாம் பார்க்கும் மதி."

"ஊரெல்லாம் இப்படித்தாம்மா இருக்குது. எங்க கிளாஸ்ல முப்பத்திரண்டு பேரு. இருபது பேரு கைய வெச்சிட்டுத்தான் சிரிக்கறோம். யாரும் யாரையும் பார்க்கறதில்ல, அவ்வளவுதான்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளிடம் சொன்னேன். மாதா மாதம் அந்தக் குறிப்பு என் மேசைக்குத்தான் வந்தது. பன்னிரண்டு வருடம். நூற்று நாற்பது முறைக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு சுழியைத் திருத்தினேன். எந்தத் தண்ணீர், யார் பரிசோதித்தது, எங்கே சான்று என்று ஒரு முறைகூட நான் கேட்டதில்லை. அச்சில் வந்துவிட்டதே என்று அந்தத் தண்ணீரையே உனக்கும் கொடுத்தேன். இயந்திரம் கேள்வி கேட்காமல் எழுதுகிறது என்று ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். நான் மட்டும் என்ன கேட்டேன்.

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "இதையும் நீ சொல்லணும்" என்றாள். "நான் சொல்லி முடிச்சதும் நீ சொல்லு. ரெண்டும் ஒரே வீடியோவுல இருக்கட்டும்."

அப்பாவிடம் கேட்டுவிடலாம் என்றேன். ஓசூருக்குப் போன் போட்டோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ பல்லு, அவ பேச்சு. நான் லீவு சொல்லிட்டு வரேன்" என்றார்.

படம் எடுத்தோம். ஒரே தடவையில் முடித்தாள். "என் பெயர் நிறைமதி. பன்னிரண்டாம் வகுப்பு. நான்காம் வார்டு. நீங்கள் கேட்ட ஒரு பிள்ளை நான்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கை கீழேயே இருந்தது. என் பெண்ணின் முழுச் சிரிப்பை நான் பார்த்துப் பத்து வருடம் ஆகிறது. கேமரா ஆடியிருக்கும். ஆடட்டும்.

பிறகு என் முறை. நானும் சொன்னேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலை எட்டு மணிக்குப் போட்டோம். ஒன்பது மணிக்கு அவள் வகுப்புப் பெண் ஒருத்தி தன் படத்தை அனுப்பினாள், சிரித்தபடி. பத்து மணிக்கு ஏழு படங்கள். மத்தியானத்துக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். பிள்ளைகள், பெற்றவர்கள், குழாயடியில் குடம் நகர்த்திய அந்தப் பெண்ணும் அவள் மாமியாரும். ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் வரிசையாக நின்று எல்லாப் பல்லையும் காட்டி ஒரு படம். பெற்றவர்கள் சம்மதம் சொன்னதை மட்டும் சேனலில் போட்டோம். அதுவே முந்நூற்று நாற்பது.

முந்நூற்று நாற்பது பேர் சிரிக்கிறார்கள். அதற்கு மேல் நாங்கள் செய்தி எழுத வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து மூன்று ஜீப். ஒன்பது தொட்டியிலும் அவர்களே தண்ணீர் பிடித்தார்கள். பிடிக்கும்போது சுற்றி இருநூறு போன்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தன. ஓர் அதிகாரி, "சீட்டுல நேரமும் எழுதணுமா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். டெய்லர் கடைப் பெண், "எழுதணும் சார். இடம், தேதி, நேரம்" என்றாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அரசு முடிவும் எங்கள் முடிவும் ஒன்று. நான்காம் வார்டு 3.8. ஆறு ஆழ்துளைக் கிணறுகளை மூடிவிட்டார்கள். ஊருக்கு லாரியில் தண்ணீர். பள்ளியில் நாளைக்கே சுத்திகரிப்பு இயந்திரம். செயல் அலுவலர் பணியிடை நீக்கம், சான்று தயாரித்தவர்கள் மீது வழக்கு. உத்தரவின் நகல் கைக்கு வந்த பிறகுதான் போட்டோம். எல்லோருக்கும் கடைசியாக நாங்கள். யாரும் அதற்காகப் போய்விடவில்லை.

அவர் ஓசூரிலிருந்து வந்திருக்கிறார். கறிக்குழம்பு வைத்தார். காரம் அதிகம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பழைய பேப்பரில் முதல் பக்கம். "மல்லப்பனூர் சேதி" என்று எங்கள் பெயரைப் போட்டு, மதியின் படத்தையும் போட்டிருக்கிறார்கள். மேலாளர் போன் செய்தார். சென்னையில் எல்லோரும் பேசுகிறார்களாம். சரிபார்ப்புப் பிரிவு ஒன்று தொடங்கப் போகிறார்களாம், நான் வந்து பார்த்துக்கொள்ள முடியுமா என்றார். இயந்திரத்துக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுக்க வேண்டுமாம்.

"அதுக்குப் படிக்க வரும் சார். எண்ண வரும். எனக்கு முன்னாடியே 0.84-ஐக் கண்டுபிடிச்சுச்சு, இல்லைங்கல. ஆனா குழாயடிக்குப் போயி நிக்க ஆள் வேணும். இருதயராஜ் அண்ணனோட சேர்த்து ஒன்பது பேரை அனுப்புனீங்களே, அவங்களக் கூப்பிடுங்க."

"நீங்க?"

"எனக்கு இங்க வேலை இருக்குதுங்க."

 

செப்டம்பர் 3, புதன்

அந்த ஒன்பதில் நான்கு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அண்ணனையும்தான். அவர் போகவில்லை. "ஹெல்மெட் போட்டுட்டு எவன் அவ்வளவு தூரம் போவான்" என்கிறார். இங்கிருந்து எட்டு கிலோமீட்டர்.

நவம்பர் 10, திங்கள்

ஆற்று நீர்க் குழாய் நான்காம் வார்டுக்கு வந்துவிட்டது. கலெக்டர் குழாயைத் திறந்தார். நாதஸ்வரம், பட்டாசு எல்லாம் உண்டு. முதல் குடம் யாருக்கு என்று சின்னத் தள்ளுமுள்ளு, கடைசியில் முட்டி நீட்ட முடியாத அந்தப் பாட்டியம்மாவை நாற்காலியோடு தூக்கிவந்து பிடிக்க வைத்தார்கள்.

பரிசோதனைத் தாளை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். நேரலையில் பதினோராயிரம் பேர். முதலில் மூலத்தாளைப் பார்த்தேன், பிறகு நகலை, பிறகு கையெழுத்தை. எல்லோரும் காத்திருந்தார்கள், கலெக்டர் உட்பட. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

"பூஜ்யம் புள்ளி நான்கு" என்று வாசித்தேன். அவ்வளவுதான் நான் சொன்னது. பிறகு எழுந்த சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

காலையில் ஒரு பெண் வந்தார். பெயர் பாப்பாத்தி. நாற்பது வயது இருக்கும், பூ வியாபாரம். இங்கிருந்து முப்பது கிலோமீட்டரில் வேறொரு பேரூராட்சி. கையில் இரண்டு கட்டைப் பை.

எங்கள் சேனலைக் கேட்டுக் கேட்டு, தானே தகவல் உரிமை மனு எழுதிப் போட்டாராம். ஒரு தரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள், மறுபடி போட்டிருக்கிறார். வந்த காகிதத்தைத் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர் பங்கு போட்டுப் படித்து, போனில் அட்டவணை போட்டு, ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சரிபார்த்து, சந்தேகப்பட்ட இடங்களில் மஞ்சள் தடவிக் கொண்டுவந்திருந்தார். தண்ணீர் இல்லை, குப்பைக் கிடங்கு. நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் செய்ய வேண்டியதில் முக்கால்வாசி முடிந்திருந்தது.

"இத உங்க சேதியில போடுவீங்களாங்க?" என்றார்.

"கிடங்கை ஒரு தடவ நேர்ல போய்ப் பார்த்துட்டுப் போடுவோம். ஆனா பேசறது நீங்கதான்" என்றேன்.

"நானுங்களா? எனக்குப் பேச வராதுங்க."

அண்ணன் போனை மேசையில் நிறுத்திவைத்தார். "எவ்வளவு நேரம் வேணும்மா உங்களுக்கு?"

பாப்பாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதல் பையைப் பிரித்து, மேலே இருந்த தாளை வெளியே எடுத்து, அதைக் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார்.

"ரெண்டு நிமிஷம் போதுங்க" என்றார். "அதுக்கப்புறம் பேரூராட்சி ஆளுங்கதான் பேசணும்."